கிரவுண்ட் ரென்ட் தெரிந்தவனின் கிளவுட் பரீட்சை

நான் ஐ.டி. ஆள் இல்லை. மணலி பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் பில்லிங் கிளார்க். எந்தப் பெட்டி என்றைக்கு உள்ளே வந்தது, ப்ரீ டேஸ் (வாடகை இல்லாத நாட்கள்) எத்தனை, அது தாண்டி எத்தனை நாள் கிரவுண்ட் ரென்ட் (இட வாடகை), ரீச் ஸ்டாக்கர் என்ற தூக்கு வண்டி எத்தனை தடவை தூக்கி வைத்தது, அதற்கு எவ்வளவு. பதினோரு வருடமாக இதே கணக்குதான். 2024 அக்டோபரில், மேஜைக்கு அடியில் தூசி படிந்து கிடந்த சர்வரை எடுத்துவிட்டு எல்லாவற்றையும் கிளவுடுக்கு (இன்டர்நெட் வழியாக வாடகைக்கு எடுக்கும் சர்வர்களுக்கு) மாற்றப்போகிறார்கள் என்று ஆபீசில் பேச்சு கிளம்பியது. அப்போ நமக்கு என்ன வேலை என்பதுதான் டீக்கடையில் எல்லோர் கேள்வியும்.

ஓ.எம்.ஆரில் வேலை செய்யும் சித்தப்பா பையனிடம் கேட்டேன். "ணா, பயந்துக்காத. ஏ.டபிள்யூ.எஸ்.ல கிளவுட் பிராக்டிஷனர்னு ஒண்ணு இருக்கு. கோடிங்லாம் கேக்க மாட்டான். நீ எழுதிடு" என்றான். ஏ.டபிள்யூ.எஸ். என்பது அமேசானின் கிளவுட் சேவை, அதன் ஆரம்பநிலைப் பரீட்சை இது. அவனுக்கு எல்லாமே ஈசிதான்.

விவரம் பார்த்தேன். பரீட்சையின் குறியீடு சி.எல்.எஃப்.-சி02, 2023 செப்டம்பரில் பழைய சி01-க்குப் பதிலாக வந்தது. 65 கேள்வி, 90 நிமிடம். அதில் 50-க்குத்தான் மதிப்பெண். மீதி 15 அவர்கள் சோதனைக்கு வைப்பது, எது எது என்று நமக்குத் தெரியாது. 1000-க்கு 700 எடுத்தால் பாஸ். தப்பான விடைக்கு மார்க் குறைப்பு கிடையாது. கட்டணம் 100 டாலர். 18 சதவீத வரியும் சேர்த்தால் அப்போதைய டாலர் விலைக்குப் பத்தாயிரம் ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவு. பள்ளிக்கூட ஃபீஸ் கட்டும் வீட்டில் அது சின்னத் தொகை இல்லை. அதனால் ஒரே தடவையில் முடிக்க வேண்டும் என்று முடிவு செய்தேன்.

முதல் இரண்டு வாரம் வீணாய்ப் போனது. ஏ.டபிள்யூ.எஸ்.-இன் பயிற்சித் தளமான ஸ்கில் பில்டரில் இலவச அடிப்படைப் பாடம் இருக்கிறது, நல்ல பாடம்தான். ஆனால் நான் படித்தது இரவு பத்து மணிக்கு, தண்டையார்பேட்டை வீட்டு மாடி அறையில், எதிர்த்த கேரம் கிளப்பில் ஸ்ட்ரைக்கர் அடிக்கும் சத்தத்துக்கு நடுவே. நோட்டில் சேவைகளின் பெயர்களாக எழுதித் தள்ளினேன். இன்ஸ்பெக்டர், மேசி, கார்டுட்யூட்டி, ஷீல்டு, டிடெக்டிவ்... போலீஸ் ஸ்டேஷன் வருகைப் பதிவேடு மாதிரி இருந்தது. மறுநாள் காலையில் ஒன்றும் நினைவில் இல்லை. எனக்கு எதையாவது தொட்டுப் பார்த்தால்தான் மண்டையில் ஏறும்.

சரி, ஒன்றைக் கட்டிப் பார்ப்போம் என்று தொடங்கினேன். ஆபீசில் தினமும் பத்துப் பேர் போன் செய்து கேட்பது ஒரே விஷயம்: "சார், இன்னிக்கு எடுத்தா எவ்ளோ, நாளைக்கு எடுத்தா எவ்ளோ?" பெட்டி வந்த தேதி, இருபதடியா நாற்பதடியா, ப்ரீ டேஸ் எத்தனை, இந்த மூன்றையும் போட்டால் வாடகை சொல்லும் ஒரு பக்கம். ஒரே ஒரு எச்.டி.எம்.எல். கோப்பு. அதைத் தம்பி அரை மணியில் எழுதிக் கொடுத்தான். கட்டண விகிதம் மட்டும் நான் கற்பனையாகப் போட்டேன், ஆபீஸ் விகிதத்தை வெளியே வைக்கக் கூடாது அல்லவா. அதை எஸ்3-இல் (கோப்புகளைச் சேமிக்கும் ஏ.டபிள்யூ.எஸ். சேவை) ஏற்றி எல்லோரும் பார்க்கும்படி வைப்பதுதான் என் வேலை.

கணக்கு திறந்தவுடன் செய்த முதல் காரியம், எல்லா அதிகாரமும் உள்ள ரூட் பயனருக்கு எம்.எஃப்.ஏ. (கடவுச்சொல்லோடு இரண்டாவது சரிபார்ப்பு) போட்டது. இரண்டாவது, ஐந்து டாலருக்கு ஒரு பட்ஜெட் வைத்து, 80 சதவீதம் தொட்டால் மெயில் வரும்படி செய்தது. பிறகு, யாருக்கு என்ன அனுமதி என்று வைக்கும் ஐ.ஏ.எம்.-இல் தனியாக ஒரு பயனரை உருவாக்கி அதில்தான் வேலை செய்தேன். இந்த மூன்றும் பரீட்சைக்கும் வேண்டும், பர்சுக்கும் வேண்டும்.

எஸ்3-இல் கோப்புகளைப் போடும் பக்கெட்டை மும்பை ரீஜியனில் (அவர்களின் டேட்டா சென்டர்கள் இருக்கும் வட்டாரம்) உருவாக்கினேன். நான் வைக்க நினைத்த பெயர் ஏற்கெனவே யாரோ வைத்திருந்தார்கள். பக்கெட் பெயர் உலகம் முழுக்க ஒன்றுதான் இருக்கலாம் என்பது அங்கேயே பாடமாகிவிட்டது. கோப்பை ஏற்றி, ஸ்டாட்டிக் வெப்சைட் வசதியை ஆன் செய்து, முகவரியைத் திறந்தால் 403. அனுமதி இல்லை.

அது நவம்பர் 30, ஃபெஞ்சல் புயல் நாள். வெளியே காலடி வைக்க முடியாத மழை. வீட்டில் கரண்ட் போய்ப் போய் வந்தது. லேப்டாப் பேட்டரியை வைத்துக்கொண்டு மதியம் முழுக்க அந்த 403-உடன் மல்லுக்கட்டினேன். பிரச்சினை ஒரு பூட்டு இல்லை, இரண்டு பூட்டு. 2023 ஏப்ரலில் இருந்து புதிதாக உருவாக்கும் பக்கெட் எல்லாவற்றிலும் 'பொது அணுகலைத் தடு' என்பது தானாகவே ஆனில் இருக்கும். அதை எடுத்தேன். மறுபடியும் 403. தடையை எடுத்தால் மட்டும் போதாது, யார் எதைப் படிக்கலாம் என்று பக்கெட் பாலிசியும் எழுத வேண்டும். கேட்டைத் திறந்து வைத்தாலும் கையில் பாஸ் இல்லாதவனை வாட்ச்மேன் விட மாட்டார், அந்த மாதிரி.

பாலிசியை எழுதிச் சேமித்தால் புதிதாக ஒரு பிழை: நீ சொல்லும் செயல் இந்தப் பாலிசியில் இருக்கும் எந்த வளத்துக்கும் பொருந்தாது என்கிறது. நாலு தடவை படித்தேன். பக்கெட் பெயர் சரி, எழுத்து சரி. கடைசியில் பார்த்தால், பெயருக்குப் பின்னால் ஒரு சாய்கோடும் ஒரு நட்சத்திரக் குறியும் விட்டுப்போயிருந்தது. அது இல்லாவிட்டால் பக்கெட் என்ற பெட்டியைக் குறிக்கும். இருந்தால்தான் உள்ளே இருக்கும் சரக்கைக் குறிக்கும். படிக்கும் அனுமதி சரக்குக்கு, பெட்டிக்கு அல்ல. இரண்டு எழுத்தைச் சேர்த்தேன். பக்கம் திறந்தது. ஐ.ஏ.எம். பாலிசியைப் பற்றி வீடியோவில் இரண்டு மணி நேரம் கேட்டதில் ஏறாதது அந்த இரண்டு எழுத்தில் ஏறியது.

எஸ்3-இன் அந்த முகவரி எச்.டி.டி.பி. மட்டும்தான், பிரவுசரில் பாதுகாப்புக்கான பூட்டுக்குறி வராது. அதனால் முன்னால் கிளவுட்ஃபிரண்ட் (கோப்பின் பிரதியைப் பார்ப்பவருக்கு அருகிலேயே வைத்துக் கொடுக்கும் சேவை) வைத்தேன். இப்போது பக்கெட்டைத் திரும்பவும் மூடிவிட்டு, கிளவுட்ஃபிரண்டுக்கு மட்டும் அனுமதி கொடுக்கும்படி பாலிசியை மாற்ற வேண்டும். அதுதான் சரியான முறை. திறக்க ஒரு நாள் பட்ட பாட்டை ஐந்து நிமிடத்தில் நானே மூடினேன். முகப்புக் கோப்பின் பெயரைச் சொல்ல மறந்ததால் மறுபடி ஒரு 403, அது சின்னக் கதை.

இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். தம்பி பிரவுசரில் நெட்வொர்க் பகுதியைத் திறந்து, வந்த பதிலின் ஹெடர்களை (பதிலோடு சேர்ந்து வரும் குறிப்புகளை) பார்க்கச் சொன்னான். முதல் தடவை 'மிஸ்', இரண்டாவது தடவை 'ஹிட்' என்று இருந்தது. அதாவது முதல் தடவை மும்பையில் இருந்து எடுத்து வந்தது, அடுத்த தடவை பக்கத்துக் கிடங்கிலேயே இருந்தது. அதற்குக் கீழே, எந்த எட்ஜ் லொகேஷனில் (அந்தப் பக்கத்துக் கிடங்கில்) இருந்து பதில் வந்தது என்று ஒரு குறியீடு. அதன் முதல் மூன்று எழுத்து எம்.ஏ.ஏ. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஐ.என்.எம்.ஏ.ஏ.1 என்று சென்னைத் துறைமுகத்தின் குறியீட்டை பில் ஆஃப் என்ட்ரி என்ற சுங்கப் பத்திரத்தில் ஒரு நாளைக்கு ஐம்பது தடவை பார்க்கிறவன் நான். எங்கேயோ ஆகாயத்தில் இருக்கிறது என்று நினைத்த கிளவுட், விமான நிலையக் குறியீட்டை ஒட்டிக்கொண்டு நம் ஊரில் நிற்கிறது. ரீஜியன் மும்பை (2016-இல் வந்தது), ஹைதராபாத் (2022), எட்ஜ் லொகேஷன் சென்னை. ரீஜியன், அவைலபிலிட்டி ஸோன், எட்ஜ் இந்த மூன்றையும் அதற்குப் பிறகு நான் குழப்பிக்கொண்டதே இல்லை.

அவைலபிலிட்டி ஸோனுக்கு, அதாவது ஒரு ரீஜியனுக்குள் தனித்தனியாக நிற்கும் டேட்டா சென்டர் தொகுதிக்கு, ஊர் உதாரணமே போதும். வியாசர்பாடி கணேசபுரம் சப்வேயில் தண்ணீர் நின்றால் அந்தப் பக்கம் வண்டி போகாது. ஆனால் அதே மழையில் அம்பத்தூரில் வேலை நடக்கும். ஒரே ஊர், ஆனால் ஒரே பள்ளத்தில் இல்லை. ஒரு ரீஜியனின் ஸோன்களும் அப்படித்தான்: தனித்தனி மின்சாரம், தனித்தனிக் கட்டடம், ஆனால் எல்லாம் நூறு கிலோமீட்டருக்குள்.

இனி என் அசட்டுத்தனத்துக்கு வருகிறேன். கிளவுட்ஃபிரண்டில் சொந்த டொமைன் பெயருக்குப் பாதுகாப்புச் சான்றிதழ் வைக்க வேண்டுமானால் அதை வட வர்ஜீனியா ரீஜியனில்தான் எடுக்க வேண்டும் என்று படித்து, பார்க்கலாமே என்று மேலே வலது மூலையில் ரீஜியனை அதற்கு மாற்றினேன். சொந்த டொமைன் எதுவும் வாங்கவில்லை. வேடிக்கை பார்த்துவிட்டு விட்டுவிட்டேன். ரீஜியனைத் திருப்பி மாற்றவில்லை. டிசம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை இரவு பத்து மணிக்கு, வி.பி.சி. (கிளவுடுக்குள் நமக்கென்று தனி நெட்வொர்க்) எப்படி இருக்கும் என்று பார்க்க உருவாக்கும் பக்கத்தைத் திறந்தேன். அதில் 'வி.பி.சி.யும் மற்றவையும்' என்று ஒரு வசதி; சப்நெட், ரூட் டேபிள் எல்லாம் படமாக வரைந்து காட்டும். நாட் கேட்வே (உள்ளே இருக்கும் சர்வர்கள் இன்டர்நெட்டுக்குப் போகும் வாசல்) எத்தனை வேண்டும் என்று கேட்டது. ஸோனுக்கு ஒன்று என்று போட்டேன். இரண்டு ஸோன், இரண்டு கேட்வே. படம் அழகாக இருந்தது. "ஏங்க, மணி பதினொண்ணு ஆவுது, லைட்டை அணைங்க" என்று குரல் வந்தது. லேப்டாப்பை மூடிவிட்டுப் படுத்துவிட்டேன்.

திங்கள் காலை மெயில்: பட்ஜெட்டின் 80 சதவீதத்தைத் தாண்டிவிட்டீர்கள். இந்தக் கணக்கு விவரம் உடனுக்குடன் வராது, சில மணி நேரம் பின்தங்கித்தான் வரும். அதனால் மெயில் வரும்போதே காரியம் கெட்டிருக்கும். அன்றிரவு உள்ளே போனேன். ஏதோ குழம்பியிருக்கிறேன் என்று தோன்றி ரீஜியனை மும்பைக்கு மாற்றினேன். சர்வர் வாடகைக்குத் தரும் இசி2-இல் ஒரு சர்வர்கூட ஓடவில்லை. வி.பி.சி. பக்கத்தில் ஆரம்பத்தில் இருந்தே இருக்கும் ஒன்றுதான். செலவு எக்ஸ்புளோரரில் 'இசி2 மற்றவை' என்று ஒரு வரி. இசி2-தான் இல்லையே, அதில் என்ன மற்றவை? அவர்கள் கணக்கில்தான் தப்பு என்று தூங்கப் போனேன்.

செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்கு, வேலைக்குக் கிளம்பும் முன், பில் பக்கத்தை ரீஜியன் வாரியாக விரித்துப் பார்த்தேன். மும்பைக்கு நேராகப் பைசாக் கணக்கு. கீழே வட வர்ஜீனியா. அதற்குள் நாட் கேட்வே, மணிக்கணக்கில். ஒன்றுக்கு மணிக்கு 0.045 டாலர், இரண்டு, 82 மணி நேரம். அதோடு இரண்டு பொது ஐ.பி. முகவரிக்கும் வாடகை; 2024 பிப்ரவரியில் இருந்து அதற்கும் மணிக்கு 0.005 டாலர். எட்டு டாலர் சொச்சம், மேலே ஜி.எஸ்.டி. நம் பணத்தில் எண்ணூறு ரூபாயைத் தாண்டியது. ஒரு பைட் தகவல்கூட அதன் வழியாகப் போகவில்லை. சும்மா நின்றதற்கு வாடகை.

எங்கள் கவுன்டரில் வந்து, "சார், பெட்டி இங்க இருக்கிறதே தெரியாது சார், வேற யார்டுல தேடிட்டு இருந்தோம்" என்று சொல்லும் பார்ட்டிகளை நான் பதினோரு வருடத்தில் ஒரு நாளும் நம்பியதில்லை. அன்றைக்கு நம்பினேன்.

கேட்வேயை அழித்தேன். அதோடு முடியவில்லை. கேட்வே போனாலும் அதற்குக் கொடுத்த எலாஸ்டிக் ஐ.பி. (அந்தப் பொது முகவரி) நம் பெயரிலேயே நிற்கும், வாடகையும் ஓடும். அதைத் தனியாக விடுவிக்க வேண்டும். பெட்டி வெளியே போய்விட்டது, இடத்தை எழுதிக்கொடுத்த சீட்டு இன்னும் கிழிபடவில்லை என்கிற கதை. இந்த எண்ணூறு ரூபாயைத் தம்பியிடம் சொன்னபோது, "பரவால்ல ணா, எங்க கம்பெனில ஒருத்தன் வீக்எண்டுல எவ்ளோ விட்டான் தெரியுமா" என்று ஆரம்பித்தான். ஆறுதல் அளவுக்கு மீறிப் போனது, நான்தான் நிறுத்தச் சொன்னேன்.

(இப்போது திறப்பவர்களுக்கு ஒரு தகவல்: என் கணக்கு பழைய 12 மாத இலவச முறையில் திறந்தது. 2025 ஜூலை 15-க்குப் பிறகு திறக்கும் கணக்குகளுக்கு முறையே வேறு. தொடக்கத்தில் 100 டாலர் கிரெடிட், சில வேலைகளைச் செய்து பார்த்தால் இன்னும் 100 வரை; இலவசத் திட்டத்தை எடுத்தால் அதிகபட்சம் ஆறு மாதம், அதுவரை பில் வராது. பழகுகிறவர்களுக்கு இது நிம்மதி.)

அந்தச் செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு என் நோட்டு மாறியது. பெயர்ப் பட்டியலைக் கிழித்துவிட்டு, ஒரு பக்கம் யார்டு சொல், எதிர்ப்பக்கம் கிளவுட் சொல் என்று எழுத ஆரம்பித்தேன். எல்.சி.எல். சரக்கு, அதாவது நாலு பேர் சாமான் ஒரே பெட்டியில்: பகிர்ந்துகொள்ளும் சர்வர். எஃப்.சி.எல்., பெட்டி முழுக்க ஒருவனுக்கே: டெடிகேட்டட் ஹோஸ்ட். வருட ஒப்பந்தம் போட்ட பார்ட்டிக்குக் குறைந்த விகிதம்: ரிசர்வ்டு இன்ஸ்டன்ஸ் (இன்ஸ்டன்ஸ் என்றால் வாடகை சர்வர்), ஒரு வருடம் அல்லது மூன்று வருடம், 72 சதவீதம் வரை தள்ளுபடி. சரக்கை இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பும் லாரியில் ரிட்டர்ன் லோடு போடுவது: ஸ்பாட் இன்ஸ்டன்ஸ். 90 சதவீதம் வரை மலிவு, ஆனால் வண்டி அவனுக்கு வேண்டுமென்றால் இரண்டு நிமிட நோட்டீஸில் இறக்கிவிடுவான். நடுவில் நின்றாலும் பரவாயில்லாத வேலையைத்தான் அதில் ஏற்ற வேண்டும்.

பகிர்ந்த பொறுப்பு முறை, அதாவது எது ஏ.டபிள்யூ.எஸ். பொறுப்பு, எது வாடிக்கையாளர் பொறுப்பு என்று பிரிப்பது, பரீட்சையின் முதுகெலும்பு. பலரும் தடுமாறுவது இதில்தான். யார்டின் சுற்றுச்சுவர், கேட், கிரேன், சி.சி.டி.வி. எங்கள் பொறுப்பு. பெட்டிக்குள் என்ன இருக்கிறது, சீல் ஒழுங்காகப் போட்டிருக்கிறதா, சாவி யாரிடம், அது உங்கள் பொறுப்பு. இசி2 எடுத்தால் ஆபரேட்டிங் சிஸ்டத்துக்கு பேட்ச் (திருத்தம்) போடுவது உங்கள் தலையில், டேட்டாபேஸ் சேவையான ஆர்.டி.எஸ். எடுத்தால் அது அவர்கள் தலையில். ஆனால் இரண்டிலும் தகவலும் அனுமதிகளும் எப்போதும் உங்களுடையவை. நெட்வொர்க்கில் போக்குவரத்தை வடிகட்டும் செக்யூரிட்டி குரூப்புக்கும் நெட்வொர்க் ஏ.சி.எல்.லுக்கும் வித்தியாசம் கேட் பாஸில் இருக்கிறது. உள்ளே விட்ட வண்டியை நினைவில் வைத்து வெளியே போகும்போது கேட்காமல் விடுவது முன்னது. உள்ளே ஒரு பாஸ், வெளியே தனிப் பாஸ் என்று ஒவ்வொரு தடவையும் கேட்பது பின்னது.

எல்லாமே இப்படிப் பொருந்தவில்லை. எஸ்3 பதினொரு ஒன்பதுகள் (99.999999999 சதவீதம்) கொண்ட நீடிப்பு தருகிறது என்பார்கள். ஒரு கோடிப் பொருள் வைத்தால் பத்தாயிரம் வருடத்துக்கு ஒன்று தொலையலாம் என்று அதை விளக்குகிறார்கள். எந்த யார்டுக்காரனும் இப்படிச் சொன்னால் எங்கள் ஆட்கள் சிரிப்பார்கள். பெட்டி ஒன்றுதான் இருக்கும். தகவலுக்குப் பல பிரதி இருக்கும். அந்த இடத்தில் என் நோட்டின் யார்டுப் பக்கம் காலி.

ஜனவரியில் தம்பியின் நண்பன் ஒருவன் ஒரு பி.டி.எஃப். அனுப்பினான். டம்ப்ஸ், அதாவது பரீட்சைக் கேள்விகளைத் திருடித் தொகுத்தது. "இதைப் படிச்சாலே போதும் அண்ணே." திறந்து பார்த்தேன். கிளவுடை நன்றாக அமைக்க ஏ.டபிள்யூ.எஸ். சொல்லும் வெல் ஆர்க்கிடெக்டட் முறைக்கு எத்தனை தூண்கள் என்று ஒரு கேள்வி, விடை ஐந்து. 2021-லேயே நிலைத்தன்மை என்ற ஆறாவது சேர்ந்துவிட்டது. அழித்துவிட்டேன். திருட்டுச் சரக்கு என்பது ஒரு பக்கம். அதுவும் காலாவதியான திருட்டுச் சரக்கு. அதற்குப் பதிலாக அவர்களே இலவசமாகத் தரும் 20 மாதிரிக் கேள்விகளைப் போட்டேன். முதல் தடவை 11. எங்கே தப்பு என்று பார்த்தால் எல்லாம் பெயர்க் குழப்பம். கிளவுட்வாட்ச் அளக்கும், கிளவுட்டிரெய்ல் யார் என்ன செய்தார் என்று எழுதி வைக்கும், கான்ஃபிக் அமைப்பு எப்படி மாறியது என்று காட்டும். இவை மூன்றையும் என் கணக்கிலேயே திறந்து, அந்த வெள்ளிக்கிழமை இரவு நாட் கேட்வேயை உருவாக்கியது யார் என்று கிளவுட்டிரெய்லில் தேடினேன். என் பெயர், நேரத்தோடு, பளிச்சென்று இருந்தது. அப்புறம் மறக்குமா?

பதிவு செய்வதில் இரண்டு விஷயம், நம் ஆட்களுக்கு முக்கியம். ஒன்று, பெயர். கணக்கில் நான் இனிஷியலோடு எழுதியிருந்தேன். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாகக் குடும்பப் பெயர் இடத்தில் இருக்கிறது. அடையாள அட்டையில் உள்ளபடியே பெயர் இருக்க வேண்டும் என்பது விதி. மையத்தில் போய் 'இனிஷியல்னா என்னன்னா...' என்று விளக்கம் சொல்ல முடியாது. முன்கூட்டியே திருத்தினேன். இரண்டாவது, தமிழில் இந்தப் பரீட்சை இல்லை. ஆங்கிலம் தாய்மொழி இல்லாதவர்கள் ஆங்கிலத்தில் எழுதினால் 30 நிமிடம் கூடுதலாகத் தருகிறார்கள். ஆனால் தேதி பதிவு செய்வதற்கு முன்பே கேட்டு வாங்கிவிட வேண்டும். கேட்டவுடன் கிடைத்தது. 90 நிமிடம் 120 ஆனது.

வீட்டிலிருந்தே எழுதலாம்தான். கேரம் கிளப்பை நினைத்தேன், பிள்ளைகளை நினைத்தேன், கரண்டை நினைத்தேன். மையத்துக்கே போவதென்று முடிவு. பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை, தண்டையார்பேட்டையில் மெட்ரோ ஏறி மாறாமல் கிண்டியில் இறங்கினேன். பேனா, வாட்ச், பர்ஸ் எல்லாம் லாக்கரில். கேள்விகளை வெளியே சொல்வதில்லை என்று ஒப்புக்கொண்டுதான் உள்ளே போகிறோம், அதனால் அவை இங்கே வராது. பொதுவாகச் சொன்னால், இரண்டு விடைகளைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் கேள்விகளில்தான் கவனம் வேண்டும். ஒன்று சரி, ஒன்று தப்பு என்றால் மார்க் இல்லை. முதல் சுற்றில் 14 கேள்விக்குக் கொடி போட்டுவிட்டு முன்னே போனேன். திரும்பி வந்து அவற்றைப் பார்த்தும் கடைசியில் இருபது நிமிடத்துக்கு மேல் மிச்சம்.

முடிவு அங்கேயே தெரியவில்லை; ஐந்து வேலை நாளுக்குள் மெயில் வரும் என்பார்கள். மறுநாள் வந்துவிட்டது. 768. கீழே நாலு பகுதிக்கும் தனித்தனியாக நிலவரம். தொழில்நுட்பம் 34 சதவீதம், பாதுகாப்பு 30, கிளவுட் கருத்துகள் 24, பில்லிங் 12 என்பது பரீட்சையின் பங்கீடு. எனக்குக் கருத்துகளில் மட்டும் 'இன்னும் முன்னேற வேண்டும்'. பில்லிங்கில் குறை சொல்ல ஒன்றும் இல்லை.

ஆபீசில் சர்வர் இன்னும் மேஜைக்கு அடியில்தான் இருக்கிறது. மாற்றுவது அடுத்த நிதியாண்டுக்குத் தள்ளிப்போனது. வாடகைக் கணக்குப் பக்கத்தை மேனேஜரிடம் காட்டினேன். தேதியைப் போட்டுப் பார்த்தார், தலையாட்டினார். "ஞாயித்துக்கிழமையை ப்ரீ டேஸ்ல சேக்குதா?" என்று கேட்டார். சேர்க்கிறது, சேர்க்கக் கூடாது. தம்பிக்கு போன் போட்டிருக்கிறேன்.